தம்பி மகனுக்காக எதை வாசிப்பது?

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம். பாலக்கோட்டை அடுத்த சிற்றூரில் வசிக்கிறேன். என் தம்பி மகனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம் என்று மருத்துவர் உறுதிசெய்திருக்கிறார். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்கு ஓடிவிடுகிறான். தம்பிக்கு ஓசூரில் வேலை. செல்போனைக் கொடுத்தே தாய் பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்று வீட்டில் பேச்சு. நான் ஆங்கிலமும் வாசிப்பேன். தம்பி மனைவி தமிழ் மட்டுமே. இவனைப் புரிந்துகொள்ள நாங்கள் எவற்றைப் படிக்கலாம்?
– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் நூல் தம்பி மனைவியின் கையில் இருக்க வேண்டும் என்பதால் தமிழிலிருந்தே தொடங்குகிறேன். எஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ ஆட்டிசக் குழந்தையின் தந்தை ஒருவர் பிற பெற்றோருக்காக எழுதியது. அவருடைய ‘துலக்கம்’ நாவல் ஆட்டிசமுள்ள சிறுவன் ஒருவனை மையமாகக் கொண்டது. கட்டுரையைப் பொறுமையாகக் கேட்காத பாட்டிகூடக் கதை என்றால் உட்கார்ந்து கேட்பார்; மாலையில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டுங்கள்.

ஆங்கிலத்தில் நீங்கள் முதலில் வாசிக்க வேண்டியது டெம்பிள் கிராண்டின் 1995இல் வெளியிட்ட ‘திங்கிங் இன் பிக்சர்ஸ்’. ஆட்டிசமுள்ள, மூன்றரை வயதுவரை பேசாதிருந்த இவர் பின்னாளில் கால்நடை அறிவியல் பேராசிரியரானார். சிறுவயதில் உரத்த ஓசைகள் பல் மருத்துவரின் துளைப்பான் நரம்பில் படுவதுபோல வலித்தன என்று அவர் எழுதியிருப்பதை வாசித்த பிறகு, மிக்ஸிச் சத்தத்துக்கு ஓடும் பிள்ளையை அடம்பிடிப்பவன் என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. ஊசி போடும்போது மாட்டை அசையாமல் நிறுத்தும் கூண்டுக்குள் அந்த மாடுகள் அமைதியாவதைத் தம் உறவினர் ஒருவரின் பண்ணையில் கண்டு, தமக்கும் அப்படியோர் அழுத்தும் கருவியை அவர் செய்துகொண்டார். மாடு வளர்க்கும் வீட்டாரான உங்களுக்கு அந்தப் பக்கங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தாயின் மீது பழி போடும் பேச்சு உங்கள் வீட்டில் பிறந்ததல்ல. தாயின் பாசக்குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று அமெரிக்க உளவியலாளர் புருனோ பெட்டல்ஹைம் 1967இல் தடித்த புத்தகமே எழுதினார்; படித்தவர்களும் அதை நம்பினார்கள். ஆட்டிசம் உடல்சார்ந்த காரணங்களால் வருவது என்று, தாமும் ஓர் ஆட்டிசக் குழந்தையின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இலேயே வாதிட்டிருந்தார். இன்று மரபணுவின் பங்கு ஐயமின்றித் தெரிகிறது; பெட்டல்ஹைமின் கருத்து எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. அதே 1967இல் கிளாரா கிளைபோர்ன் பார்க் ஆட்டிசமுள்ள தம் மகளின் முதல் எட்டு ஆண்டுகளைப் பற்றி எழுதிய ‘தி சீஜ்’ வெளிவந்தது. குற்றம் சாட்டப்பட்ட தாய்மார்களின் தரப்பிலிருந்து வந்த அந்தக் குரலை, செல்போன் பேச்சு எழும்போதெல்லாம் நீங்கள் வீட்டில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஜப்பானிய இளைஞர் நவோகி ஹிகாஷிடாவின் ‘தி ரீசன் ஐ ஜம்ப்’ நூலைப் பலரும் உங்களுக்குச் சொல்வார்கள். எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டும் பலகையின் துணையோடு உருவான அந்த நூலின் சொற்கள் முழுவதும் அவருடையவைதானா என்று ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். ஸ்டீவ் சில்பர்மேனின் ‘நியூரோடிரைப்ஸ்’ ஆட்டிசத்தின் வரலாற்றைச் சொல்லும் நல்ல நூல், ஆனால் இப்போதைக்கு அவசரமில்லை. முற்றிலும் குணமாக்குவதாக வாக்களிக்கும் எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

தம்பிக்கு மட்டும் ஒரு சிறு கட்டுரை. ஆட்டிசமுள்ள ஜிம் சின்கிளேர் 1993இல் பெற்றோரை நோக்கி எழுதிய ‘டோன்ட் மோர்ன் ஃபார் அஸ்’. எதிர்பார்த்த பிள்ளை வரவில்லை என்ற துக்கத்தை, வந்திருக்கும் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள் என்பது அதன் சாரம். வாரக் கடைசியில் ஊருக்கு வரும்போது சொல்லுங்கள்.

கடைசியாக, இலக்கியமல்லாத ஒன்று: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் 16ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளும் அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை 31ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. பிள்ளைக்கு ஐந்து வயது என்கிறீர்கள். சேர்க்கைக்கு அவன் அம்மாவோடு நீங்களும் போங்கள், இந்த இரண்டு பிரிவுகளின் அச்சுப்படியும் கையில் இருக்கட்டும்.