உடலுறவுக்குப் பிறகு எதிர்பாராமல் ரத்தம் படுவது ஏன்?

34 வயது, இரண்டு குழந்தைகள், மாதவிடாய் முடிந்து பத்து நாள் ஆகிறது, உறவுக்குப் பிறகு துணியில் லேசாக ரத்தம் பட்டது, வலி இல்லை, பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மகளிர் ஓ.பி.யில் வேலை பார்க்கும் நர்ஸ், டாக்டர் அல்ல. ஆனால் இதே விஷயத்தோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பயம் வேண்டாம், ஆனால் ஒருமுறை உள்ளே பார்த்தே ஆக வேண்டும்.

ரத்தம் கர்ப்பப்பைக்குள் இருந்து வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கர்ப்பப்பையின் வாயிலிருந்து வரும். வாயின் உட்புறத்தில் இருக்கும் மெல்லிய சவ்வு சிலருக்கு வெளிப்பக்கமாகப் படர்ந்திருக்கும். எக்ட்ரோபியன் என்பார்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது சகஜம். லேசாக உராய்ந்தாலே கசியும். இது நோயே அல்ல. தொந்தரவு இல்லையென்றால் மருந்தும் வேண்டாம். ஆனால் "வாயில் புண் இருக்கு" என்று யாரோ சொல்ல, பயந்துபோய் "கர்ப்பப்பையையே எடுத்துடுங்க, குழந்தை பெத்தாச்சு" என்று வந்து நிற்பவர்கள் உண்டு. இதற்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்படி யாராவது உடனே ஆபரேஷன் என்றால், இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள்.

உங்கள் வயதில் அடுத்ததாகப் பார்க்க வேண்டியது பாலிப். கர்ப்பப்பை வாயில் காம்பு வைத்துத் தொங்கும் சின்னச் சதை. பெரும்பாலும் சாதாரணமானதுதான். ஓ.பி.யிலேயே திருகி எடுத்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

அடுத்தது தொற்று. கிளாமிடியா மாதிரி, உறவு மூலம் பரவும் தொற்றுகள் மாதக்கணக்கில் சத்தம் காட்டாமல் இருக்கும். உறவுக்குப் பிறகு ரத்தம் படுவதுதான் முதல் அறிகுறியாகக்கூட இருக்கலாம். கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும். இங்கேதான் சிக்கலே. "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று அவர் வர மாட்டார். ஆண்களுக்கும் அறிகுறியில்லாமல் இருக்கும் என்பதை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள். மெடிக்கலில் கேட்டு ஏதோ மாத்திரை வாங்கிப் பாதியில் நிறுத்துவது இதில் எந்தப் பலனும் தராது.

கருத்தடை ஊசியோ மாத்திரையோ எடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, காப்பர் டி, நடுவில் மறந்துபோன மாத்திரை எல்லாமே இடையிடையே திட்டுத் திட்டாகப் பட வைக்கும். அது உறவு முடிந்த நேரத்தோடு ஒத்துப்போனால் உறவால் வந்தது போலத் தோன்றும். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் வறட்சியால் தோல் கீறி ரத்தம் வரலாம். தண்ணீர் சார்ந்த ஜெல் உதவும். ஆணுறை போடும்போது தேங்காய் எண்ணெய் கூடாது, அது ரப்பரைக் கெடுத்துவிடும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் தாண்டியவருக்கு ஒரு சொட்டு பட்டாலும் வறட்சி என்று தானாக முடிவு கட்டக் கூடாது.

மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. அதோடு ஒரு பக்க அடிவயிற்று வலி, தலைசுற்றல், தோள்பட்டை வலி இருந்தால், கரு கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருக்கலாம். அன்றைக்கே, அப்போதே போக வேண்டும். மணிக்கு ஒரு பேட் நனைகிற அளவுக்குப் போனாலும் அப்படித்தான்.

இனி நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் விட்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் இப்படி ஆரம்பிக்கலாம். வலியில்லை என்பதால் அது இல்லை என்று ஆகாது, ஆரம்பத்தில் வலிக்காது. உங்களுக்கு அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு, ஆனால் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. எச்.பி.வி. என்ற வைரஸ்தான் கிட்டத்தட்ட எல்லாக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கும் காரணம். அதில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டும் சுமார் 70 சதவீதப் புற்றுநோய்களுக்குக் காரணம். தொற்று புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து வருடங்களுக்கு மேல் ஆகும், அதனால்தான் இடையில் பிடித்துவிட முடிகிறது. தமிழ்நாட்டில் 30 வயது தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் விட்டு, வெள்ளைத் திட்டு வருகிறதா என்று பார்ப்பது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இதை வைத்து நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. ஒரே ஒரு முறை பரிசோதனைதான், அதிலேயே இந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் "இடுப்பு வலி", "வெள்ளைப்படுது", "உடம்பு சூடு" என்று சீட்டில் எழுத வைப்பார்கள். மாத்திரை எழுதியாகிவிடும். கிளம்பும்போது கதவோரம் நின்று மெதுவாக, "சிஸ்டர், சேர்ந்த பிறகு கொஞ்சம் படுது" என்பார்கள். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டால்தான் டாக்டர் ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்து உள்ளே பார்க்க உதவும் கருவி) வைத்துப் பார்ப்பார். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்றும் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

போவதற்கு முந்தைய நாள் உறவு வேண்டாம், உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவவும் வேண்டாம். கடைசியாக மாதவிடாய் வந்த தேதி, இது எத்தனை முறை ஆனது, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை சில நிமிடங்கள்தான். உடம்பை இறுக்காமல் மூச்சை மெதுவாக விட்டால் அவ்வளவாகத் தெரியாது; வலித்தால் உடனே சொல்லுங்கள், சின்ன அளவு ஸ்பெகுலமும் இருக்கிறது. போன வருடம் ஸ்கிரீனிங்கில் நார்மல் என்று வந்திருந்தாலும் போங்கள். அது அறிகுறி இல்லாதவர்களுக்கான பரிசோதனை, உங்களுக்கு இப்போது அறிகுறி இருக்கிறது.