தஞ்சாவூர்ப் பக்கம் குடியேறலாம். மனை வாங்க அவசரம் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 58. சென்னையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு. வேளச்சேரியில் வாடகை வீடு, வாடகை மட்டும் மாதம் 22,000 ரூபாய். மனைவிக்கு வயது 54. அவருடைய ஊர் ஒரத்தநாடு பக்கம். மகள் திருமணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். பிஎஃப், பணிக்கொடை இரண்டும் சேர்ந்து 46 லட்சம் வரும். வங்கி வைப்பில் 18 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் 11 லட்சம் இருக்கின்றன. மாதம் 3,100 ரூபாய் பிஎஃப் ஓய்வூதியம் வரும். வேறு வருமானம் இல்லை. தஞ்சாவூருக்கு வெளியே வல்லம் போகும் பக்கம், சுற்றிலும் மரங்களோடு அமைதியான இடத்தில் 1,800 சதுர அடி மனை பார்த்தோம். சதுர அடி 900 ரூபாய். வீடு கட்டி முடிக்க எல்லாம் சேர்த்து 40 லட்சம் போதும், கிராமத்தில் மாதம் 18,000 ரூபாயில் குடும்பம் நடத்தலாம் என்கிறார் தரகர். இந்த மாத இறுதிக்குள் 2 லட்சம் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: சென்னையை விட்டுக் கிளம்ப வேண்டும் என்ற உங்கள் முடிவு சரியானது. அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஓய்வுக்குப் பிறகும் 22,000 ரூபாய் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தால், உங்கள் சேமிப்பு உங்களுக்கு முன்னால் தீர்ந்துபோகும். தஞ்சாவூர் நல்ல தேர்வு. மாநகராட்சியாக உயர்ந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆனாலும், பெரிய நகரத்தின் நெரிசல் அங்கே இன்னும் வரவில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது. இரவில் ஏறினால் காலையில் சென்னையில் இறக்கிவிட உழவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மகளைப் பார்க்கப் பெங்களூர் வழியாகப் போகும் மைசூரு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மனைவியின் உறவுகள் கூப்பிடு தூரத்தில். இத்தனையும் அமைவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

எனக்குக் கவலை தருவது தரகர் சொன்ன இரண்டு எண்கள். 40 லட்சமும் சரியில்லை, 18,000 ரூபாயும் சரியில்லை.

மனையின் விலை 16.2 லட்சம். பத்திரச் செலவாக முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் உண்டு. இந்த விலைக்கே கணக்கிட்டாலும் ஏறத்தாழ 1.46 லட்சம். ஆயிரம் சதுர அடியில் சிக்கனமாகக் கட்டினாலும், சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று வைத்தால் 24 லட்சம். இதிலேயே 41 லட்சத்தைத் தாண்டிவிட்டது. சுற்றுச்சுவர், ஆழ்துளைக் கிணறு, மோட்டார், கழிவுநீர்த் தொட்டி, வரைபட அனுமதி, மின் இணைப்பு, அலமாரி வேலை என்று கட்டுபவர் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் சேர்க்காத செலவுகளுக்கு ஏழு லட்சமாவது வேண்டும். ஆக 49 லட்சம். வேலை இழுத்துக்கொண்டே போனால், அத்தனை மாதமும் வேளச்சேரி வாடகை தனி.

இப்போது மீதியைப் பாருங்கள். உங்களிடம் இருப்பது 75 லட்சம். வீட்டுக்கு 49 போனால் 26 லட்சம் நிற்கும். அவசரத்துக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்காமல், அத்தனையையும் இப்போது 8.2 சதவீதம் தரும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டாலும் மாதத்துக்கு 17,767 ரூபாய்தான் வரும். ஓய்வூதியத்தைச் சேர்த்தால் 20,867.

கிராமத்தில் செலவே இல்லை என்பதை நான் ஏற்பதில்லை. அரிசி, காய்கறி, பால் விலை கொஞ்சம் குறையும், வாடகை குறையும். மருந்து விலை எங்கும் ஒன்றுதான். எரிவாயு, கைபேசி, இணையம், துணிமணி எல்லாம் சென்னை விலைதான். இரண்டு சக்கர வண்டி கட்டாயமாகும். மொய்ச் செலவு, கோயில் வரி, உறவில் விசேஷம், ஆண்டுக்கு மூன்று நான்கு முறை பெங்களூர்ப் பயணம் ஆகியவை சென்னையில் இருந்ததைவிடக் கூடும். சொந்த ஊருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, கல்யாணத்துக்கு வர முடியவில்லை என்று சொல்ல முடியாது. காப்பீட்டுப் பிரீமியத்தையும் சேர்த்து, வாடகை நீங்கலாக, மாதம் 28,000 ரூபாய் என்று எழுதிவையுங்கள். அப்படியானால் முதல் மாதத்திலேயே 7,000 ரூபாய்க்கு மேல் துண்டு விழுகிறது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், உங்கள் எழுபதாவது வயதில் இந்த 28,000 ரூபாய் 56,000 ஆகிவிடும். கையில் ரொக்கம் இல்லாமல், விற்க மனமில்லாத ஒரு வீட்டுக்குள் நீங்கள் இருவரும் உட்கார்ந்திருப்பீர்கள்.

இதையே வேறு மாதிரி செய்து பார்ப்போம். முதலில் தஞ்சாவூர்ப் புறநகரில் ஒரு தனி வீட்டை வாடகைக்கு எடுங்கள். நீங்கள் பார்க்கும் பக்கத்தில் மாதம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 55 வயதைக் கடந்து முறைப்படி ஓய்வு பெறுகிறவர்கள், 60 ஆகும் வரை காத்திருக்காமல், ஓய்வுக்காலப் பணத்தைக் கொண்டு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம். பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் கணக்கைத் தொடங்க வேண்டும். பிஎஃப் பணத்திலிருந்து உச்சவரம்பான 30 லட்சத்தை அதில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். சேரும் நாளில் உள்ள வட்டி ஐந்து ஆண்டுக்கும் மாறாது. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்காக 15 லட்சம் போட்டால், இப்போதைய 7.4 சதவீதத்தில் மாதம் 9,250 ரூபாய். ஓய்வூதியத்தோடு சேர்த்து மாதம் 32,850 ரூபாய் உறுதியாக வரும். புதிய வரி முறையில் இந்த வருமானத்துக்கு வரி கிடையாது.

வாடகையும் செலவும் சேர்ந்து 36,000. குறைவது மூவாயிரத்துச் சொச்சம். ஆனால் கையில் இன்னும் 30 லட்சம் முழுதாக இருக்கிறது. அதில் ஐந்து லட்சத்தை வங்கி வைப்பில் அவசரத்துக்கு வையுங்கள். மியூச்சுவல் ஃபண்டில் இருக்கும் 11 லட்சத்தைத் தொடாதீர்கள். பத்தாண்டுக்குப் பிறகு விலைவாசியோடு மோத உங்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான். மீதி 14 லட்சம் மாதத் துண்டை நிரப்பவும், பின்னால் வீடு வாங்கவும் உதவும்.

வாடகையிலேயே காலம் முழுக்க இருங்கள் என்று நான் சொல்லவில்லை. வயதான காலத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம் நியாயமானது. ஓராண்டு இருந்து பார்த்து, இந்த ஊர்தான் என்று இருவருக்கும் மனம் ஒப்பினால் வாங்குங்கள். வரம்பு 28 லட்சம், பத்திரச் செலவும் அதற்குள். அந்தத் தொகைக்குள் புதிதாகக் கட்டுவதைவிட, சின்னதாக ஏற்கெனவே கட்டிய வீட்டைத் தேடுவது நல்லது. சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா, கிணற்றுத் தண்ணீர் எப்படி, பக்கத்து வீட்டார் எப்படி என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஓராண்டுக்குப் பிறகு வாங்கும்போது, அந்த 14 லட்சம் போதாமல், அஞ்சலக மாத வருமானக் கணக்கிலிருந்தும் எடுக்க நேரலாம். மூன்றாண்டுக்குள் மூடினால் அசலில் 2 சதவீதம் பிடிப்பார்கள். அதனால் அந்த 15 லட்சத்தை மூன்று தனிக் கணக்குகளாகப் பிரித்துப் போடுங்கள், தேவையானதை மட்டும் மூடிக்கொள்ளலாம்.

இனி நான் சொல்லப்போவது கணக்குப் புத்தகத்தில் வராது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பதி, உங்களைப் போலவே ஒரு சிறு நகரத்துக்கு வெளியே தோட்டத்தோடு வீடு கட்டிக் குடியேறினார்கள். அழகான வீடு. ஐந்தாவது ஆண்டில் கணவர் இறந்துவிட்டார். அந்த அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பஸ் நிற்கும் இடம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. மாத்திரை வாங்கக்கூட யாரையாவது எதிர்பார்க்க வேண்டியிருந்தது. விற்றுவிட்டு மகனோடு போகலாம் என்றால், வாங்க ஆள் கிடைக்க இரண்டு ஆண்டு பிடித்தது. அதுவும் கட்டிய செலவைவிடக் குறைந்த விலைக்கு. அந்த வீட்டுக்குத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

உங்கள் மனைவி உங்களைவிட நான்கு வயது இளையவர். அந்த வீட்டில் கடைசியில் தனியாக இருக்கப்போகிறவர் அநேகமாக அவர்தான். ஆகவே வீட்டை அவர் தேர்ந்தெடுக்கட்டும். வாசலிலிருந்து நடந்துபோய் நகரப் பேருந்து ஏற முடிகிறதா என்று முதலில் பாருங்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு மருந்துக்கடை, ஒரு மளிகைக்கடை, இரவில் கூப்பிட்டால் குரல் கொடுக்கும் அண்டை வீடு ஆகியவை இல்லாத இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். நீங்கள் பார்த்த மனையைச் சுற்றி இப்போது எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது? ராத்திரி எட்டு மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மனை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தஞ்சை மாவட்டத்தில் கோயில் நிலமும் மடத்து நிலமும் நிறைய. வாய்க்கால் புறம்போக்கும் ஊடே ஓடும். விளம்பரப் பலகையில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் என்று எழுதியிருப்பதை நம்பாமல், அங்கீகார எண்ணையும், ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும் வாங்கி நீங்களே சரிபாருங்கள். மூலப்பத்திரம், பட்டா, 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, புல வரைபடம் நான்கையும், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். மண்ணையும் விசாரியுங்கள். வல்லம் பக்கம் செம்மண் மேடு. ஆற்றுப் பக்கம் போகப் போகக் களிமண் வரும், அங்கே கடைக்கால் செலவு கூடும். பக்கத்து வீட்டில் எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது என்று கேட்டுவிட்டே கிணற்றுச் செலவைப் போட வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவசரமான வேலை ஒன்றைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை: மருத்துவக் காப்பீடு. நிறுவனம் கொடுத்த காப்பீடு ஓய்வு பெறும் நாளோடு பெரும்பாலும் முடிந்துவிடும். இருவருக்கும் தனிப் பாலிசி இப்போதே எடுங்கள். குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற முடியுமா என்றும் கேளுங்கள். மாற முடிந்தால், சில நோய்களுக்குப் பணம் தராமல் காக்கவைக்கும் காத்திருப்புக் காலத்தில் இதுவரை கழிந்தது கணக்கில் சேரும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். புதிய பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்றாண்டு வரை இருக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் எந்தெந்த மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம் என்ற பட்டியலைப் பார்த்துவிட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தரகரிடம் முன்பணம் இப்போது இல்லை என்று சொல்லிவிடுங்கள். வேறு ஒருவர் வாங்கிவிடுவார் என்பார், வாங்கட்டும். தைக்குள் வாடகை வீடு பார்த்துக் குடியேறினால், சித்திரை வெயிலையும் ஐப்பசி அடைமழையையும் அங்கேயே இருந்து பார்த்துவிடலாம். மழை நாளில் தெருவில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, வெயில் நாளில் எந்தக் கிணறு வற்றுகிறது என்பது அதற்குள் உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கும். அதன்பிறகு அவர் எந்தத் தெருவைக் காட்டுகிறார் என்று எழுதுங்கள். அந்த வீட்டின் விலையை வைத்து இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்போம்.