ஜோடி சேர்க்க கெக்கோ வாங்குகிறீர்களா? கேள்வி பதில்

செல்லப் பிராணியாக வளரும் கெக்கோ எனும் பல்லி வகைகளை இனப்பெருக்கத்துக்காக வாங்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் லெப்பர்ட் கெக்கோ, கிரெஸ்டட் கெக்கோ பற்றியே கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: விற்பவர் லெப்பர்ட் கெக்கோ என்கிறார். படத்தைப் பார்த்தால் ஆப்பிரிக்க ஃபேட் டெயில் போலத் தெரிகிறது. எப்படிப் பிரித்தறிவது?

பதில்: இரண்டுக்குமே அசையும் இமைகள் உண்டு, இரண்டின் விரல்களிலும் ஒட்டும் பட்டை கிடையாது. ஆகவே கண்ணாடியில் ஏறுகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. கண்ணை நெருக்கத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லெப்பர்ட் கெக்கோவின் கருவிழிப்படலம் வெளிர் சாம்பல் நிறத்தில், மெல்லிய நரம்புக் கோடுகளோடு, நடுவில் செங்குத்துப் பிளவோடு இருக்கும். ஃபேட் டெயிலின் கண் மொத்தமாகவே கறுத்துத் தெரியும். எக்லிப்ஸ் என்ற மார்ஃபில் (அதாவது மரபுவழி நிற வகையில்) லெப்பர்ட் கெக்கோவுக்கும் கண் முழுக்கக் கறுத்துவிடும். அப்போது தோலைப் பாருங்கள்: லெப்பர்டின் முதுகில் சிறு முண்டுகள் எடுப்பாக இருக்கும், ஃபேட் டெயிலின் தோல் மிருதுவாக இருக்கும். நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். எந்த இனம் என்றே தெரியாதவர் சொல்லும் மரபு விவரத்தையும் நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: ஆறு வாரக் குஞ்சுகளை "உறுதியாக ஆண், உறுதியாகப் பெண்" என்று விற்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?

பதில்: அந்த வயதில் உறுதி என்பதே கிடையாது, தம்பி. லெப்பர்ட் கெக்கோவின் பாலினத்தை முட்டை இருந்த வெப்பநிலை தீர்மானிக்கிறது. 26 டிகிரி செல்சியஸ் அளவில் அடைகாத்தால் பெரும்பாலும் பெண், 32 முதல் 33 டிகிரியில் பெரும்பாலும் ஆண், அதற்கும் மேலே போனால் மறுபடி பெண். விற்பவர் வெப்பநிலையை வைத்துச் சொல்கிறார் என்றால் அது நல்ல ஊகம், அவ்வளவுதான். ஜோடிக்காக வாங்குகிறீர்கள் என்றால் ஐந்தாறு மாதம் பொறுத்து, அடிப்பக்கத்தை நீங்களே பாருங்கள். கழிவுத் துவாரத்துக்கு மேலே தலைகீழ் V வடிவில் மெழுகு அடைத்த துளைகள் வரிசையாகத் தெரிந்து, வாலின் அடியில் இரண்டு புடைப்புகளும் இருந்தால் ஆண். பெண்ணுக்கும் அந்த வரிசை மங்கலாக இருக்கும், ஆனால் துளைகள் திறந்திருக்காது, புடைப்பும் இராது.

கேள்வி: இரண்டு அல்பினோக்களை ஜோடி சேர்த்தேன். எல்லாக் குஞ்சுகளும் சாதாரண நிறத்தில் பிறந்தன. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: இரண்டுமே உண்மையான அல்பினோவாக இருக்கலாம். லெப்பர்ட் கெக்கோவில் ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர் என மூன்று அல்பினோ வகைகள் உண்டு. மூன்றும் தனித்தனி மரபணுக்கள். ட்ரெம்பரையும் பெல்லையும் சேர்த்தால் குஞ்சுகள் சாதாரணமாகத் தெரியும், ஆனால் இரண்டு வகையையும் உள்ளே மறைத்துச் சுமக்கும். கவலை இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் குஞ்சுகளை விவரம் சொல்லாமல் விற்றால், அடுத்த தலைமுறையில் பிறக்கும் அல்பினோ எந்த வகை என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. விற்பதானால் இரண்டு பெயரையும் எழுதிக் கொடுங்கள். இனி வாங்கும்போது "அல்பினோ" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எந்த வகை, பெற்றோர் எவை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கெக்கோவைச் செல்லமாக மட்டும் வளருங்கள்.

கேள்வி: "66 சதவீத ஹெட்" என்றால் அந்தக் குணம் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது என்றா பொருள்?

பதில்: இல்லை. ஹெட் என்றால் ஒரு மரபணுவை வெளியே காட்டாமல் உள்ளே சுமப்பது. ஒடுங்கு மரபணு (இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரிவது) ஒன்றைச் சுமக்கும் இரு பெற்றோரிடமிருந்து பிறந்து, சாதாரணமாகத் தெரியும் ஒவ்வொரு குஞ்சும் அந்த மரபணுவைச் சுமக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. ஆக, ஒரு குஞ்சிடம் இருக்கும் அல்லது இருக்காது. கூடுதல் விலை கொடுக்க இது போதாது என்பது என் கருத்து. பெற்றோரில் ஒன்று அந்தக் குணத்தை வெளிப்படையாகக் காட்டினால் மட்டுமே "நூறு சதவீத ஹெட்" என்பதை நம்பலாம், அந்தப் பெற்றோரின் படத்தைப் பார்த்த பிறகு.

கேள்வி: அழகுக்காக எந்த மார்ஃபையும் வாங்கலாமா? தவிர்க்க வேண்டியவை உண்டா?

பதில்: உண்டு, இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. லெப்பர்ட் கெக்கோவின் எனிக்மா மார்ஃபில் நரம்புக் கோளாறு கூடவே வருகிறது: தலை சாய்தல், ஒரே இடத்தில் சுற்றுதல், இரையைக் குறிவைத்துப் பாய்ந்தும் தவறுதல். வாங்கும்போது அமைதியாக இருக்கும் எனிக்மாவிடமும் பின்னாளில் இவை வெளிப்படலாம். அதன் இன்னொரு மார்ஃபான லெமன் ஃப்ராஸ்டின் பளிச்சென்ற மஞ்சளும் வெள்ளையும் பார்க்க அழகுதான். ஆனால் அந்த நிறத்தைத் தரும் அதே செல்கள்தான் கட்டியாகவும் பெருகுகின்றன. 2021-ல் வெளியான ஆய்வு, இந்த நிறத்தையும் கட்டியையும் ஸ்பின்ட்1 என்ற ஒரே மரபணுவோடு தொடர்புபடுத்தியது. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து வளர்க்க வழியில்லை. இவ்விரண்டையும் இனப்பெருக்கத்துக்கு வாங்காதீர்கள், யார் வற்புறுத்தினாலும்.

கிரெஸ்டட் கெக்கோவில் லில்லி ஒயிட் என்ற மார்ஃப் நலமாக வாழக்கூடியது. ஆனால் இரண்டு லில்லி ஒயிட்டை ஜோடி சேர்க்கக் கூடாது. இருபக்கமும் அந்த மரபணுவைப் பெறும் கருக்கள் முட்டையிலேயோ பொரித்த உடனேயோ இறந்துவிடுகின்றன. இந்த விவரம் தெரியாமல் "லில்லி ஒயிட் ஜோடி" என்று விற்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

கேள்வி: நேரில் போய் வாங்குகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் கெக்கோவை விட்டு அதன் பெட்டியைப் பாருங்கள்: எச்சம் உருவோடு இருக்கிறதா, தண்ணீர் சுத்தமா என்று. பிறகு விரல் நுனிகள். உரிந்த தோல் வளையம்போல இறுகி நின்றால் ஈரப்பதம் போதவில்லை. அப்படியே விட்டால் விரலே உதிர்ந்துவிடும். தாடை மென்மையாக வளைந்தாலோ, நடக்கும்போது வயிறு தரையில் இழுபட்டாலோ கால்சியக் குறைபாடு. கிரெஸ்டட் கெக்கோ வாயைத் திறந்தால் அண்ணத்தின் பின்பகுதியில் இரு பக்கமும் வெள்ளையாகச் சிறு பைகள் தெரிய வேண்டும். அவை கால்சியச் சேமிப்பு. முட்டையிடப்போகும் பெண்ணுக்கு அவை நிறைந்திருப்பது மிக முக்கியம்.

லெப்பர்டின் வால் குச்சிபோல ஒட்டியிருந்தால் பரிதாபப்பட்டு வாங்கிவிடாதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி காரணமாக இருக்கலாம். அதை முழுதாக ஒழிக்கும் நம்பகமான மருந்து இல்லை, சாதாரணக் கிருமிநாசினிக்கும் அது அசையாது. நலமாகத் தெரியும் கெக்கோவையும் குறைந்தது இரண்டு மாதமாவது தனி அறையில், காகித விரிப்பில், தனி இடுக்கியும் தனிப் பாத்திரமும் வைத்து வளர்த்து, எச்சத்தைப் பரிசோதித்த பிறகே மற்றவற்றின் அருகே கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: டோக்கே கெக்கோ மிக மலிவாகக் கிடைக்கிறது. நீல நிறக் குட்டிக் கெக்கோ ஒன்றும் காட்டினார்கள்.

பதில்: மலிவான வளர்ந்த டோக்கே பெரும்பாலும் காட்டில் பிடித்தது. பொரித்த தேதி தெரியாது, உடலில் பழைய தழும்புகள், விரலிடுக்கில் சிவப்பு உண்ணிகள் என்று அடையாளங்கள் இருக்கும். டோக்கே 2019 முதல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டி வந்ததென்றால் அனுமதி ஆவணம் வேண்டும்.

அந்த நீலக் கெக்கோ தான்சானியாவில் மிகச் சிறிய காட்டுப் பகுதியில் மட்டும் வாழும் இனமாக இருக்கக்கூடும். செல்லப்பிராணி வணிகத்துக்காகவே அளவின்றிப் பிடிக்கப்பட்டு, அழிவின் விளிம்புக்கு வந்து, 2017 முதல் சைட்டிஸ் முதல் பட்டியலில் இருக்கிறது. கூண்டில் பிறந்ததற்கான ஆவணம் இல்லாமல் தொடவே வேண்டாம். உங்கள் நாட்டின் வனவிலங்குச் சட்டத்தையும் பணம் கொடுக்கும் முன்பே படித்துவிடுங்கள். சைட்டிஸ் பட்டியலில் இல்லாத கெக்கோவை வளர்க்கவும்கூடச் சில நாடுகளில் உரிமம் வேண்டும்.

கேள்வி: பெண் கெக்கோவுக்கு எத்தனை வயதில் ஜோடி சேர்க்கலாம்? சேர்த்தே வளர்க்கலாமா?

பதில்: லெப்பர்ட் என்றால் ஒரு வயது தாண்டி, 45 முதல் 50 கிராம் எடை வந்த பிறகு. கிரெஸ்டட் என்றால் ஒன்றரை வயதும் 35 முதல் 40 கிராமும். சேர்த்தே வளர்க்கக் கூடாது. ஆண் விடாமல் துரத்தினால் பெண் சாப்பிடாமல் இளைத்துவிடும். சில நாள் சேர்த்துவிட்டுப் பிரித்தால் போதும், பெண் விந்தைச் சேமித்து வைத்துப் பல முறை முட்டையிடும். ஒவ்வொரு முறையும் வழக்கமாக இரண்டு முட்டை. ஒரு பருவத்தில் பத்துக்கு மேல் குஞ்சுகள் வந்தால் அத்தனைக்கும் தனிப் பெட்டி வேண்டும் என்பதை வாங்கும் முன்பே கணக்கிடுங்கள்.

கேள்வி: ஒரு வளர்ப்பாளர் என் கூண்டின் படம், வெப்பநிலை, கால்நடை மருத்துவர் யார் என்றெல்லாம் கேட்கிறார். பணம் கொடுக்கும் என்னிடம் இத்தனை கேள்வியா?

பதில்: அவரிடமே வாங்குங்கள் அம்மா. கேட்டதையெல்லாம் அனுப்பிவிட்டு, பொரித்த தேதி, அடைகாத்த வெப்பநிலை, பெற்றோரின் படம், மாதாந்திர எடைக் குறிப்பு ஆகிய நான்கையும் நீங்களும் அவரிடம் கேளுங்கள். ஆணும் பெண்ணும் ஒரே தாயின் குஞ்சுகள் என்று சொன்னால், ஒன்றை மட்டும் அங்கே எடுத்துக்கொண்டு, அதற்கு இணையை வேறு வளர்ப்பாளரிடம் தேடுங்கள்.