'ப்ளட் டைமண்ட்' படத்துல காட்டுறதெல்லாம் நிஜமா நடந்ததா? பாக்கலாமா?

கண்டிப்பா பாருங்க. ஆனா டிகாப்ரியோவுக்காக மட்டும் பாக்காதீங்க, மீனவர் சாலமனா வர்றாரே ஜிமோன் ஹோன்சு, அவர் பின்னாடியே போங்க, படமே வேற மாதிரி தெரியும்.

தெரியாதவங்களுக்கு, இது 2006ல வந்த ஹாலிவுட் படம், கதை மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்குற சியரா லியோன் நாட்டுல 1999ல நடக்குது. அங்க 1991ல ஆரம்பிச்ச உள்நாட்டுப் போர் 2002லதான் முடிஞ்சுது, 50,000 பேர் செத்திருப்பாங்கன்னு பொதுவா சொல்றாங்க.

நிஜமான்னு கேட்டீங்கல்ல, ஆரம்பத்துல கிளர்ச்சிப்படை ஊருக்குள்ள புகுந்து ஜனங்கள வரிசையா நிக்க வச்சு கைய வெட்டுறாங்களே, அது அப்படியே நிஜம். 'ஷார்ட் ஸ்லீவா, லாங் ஸ்லீவா'ன்னு சட்டைக்கு அளவெடுக்குற மாதிரி கேட்டுட்டு, ஷார்ட்டுன்னா முழங்கைக்கு மேல, லாங்குன்னா மணிக்கட்டோட வெட்டியிருக்காங்க. ஆனா ஓட்டு போடக் கூடாதுன்னு கைய வெட்டுனது 1996 எலெக்‌ஷன் சமயத்துல, படத்துல அத 1999க்கு கொண்டு வந்துட்டாங்க. தென்னாப்பிரிக்க கூலிப்படையும் அப்படித்தான், நிஜத்துல அவங்க 1995ல வந்து 1997 ஆரம்பத்துலயே கெளம்பிட்டாங்க. தலைநகர் ஃப்ரீடவுனுக்குள்ள கிளர்ச்சிப்படை புகுந்தது மட்டும் சரியா 1999 ஜனவரி 6. ரெண்டரை மணி நேரப் படத்துக்காக பத்து வருஷத்த சுருக்கியிருக்காங்க, அதுல எனக்கு கோபம் இல்ல.

வைரம் தோண்டுற சீன்கள நிறுத்தி நிதானமா பாருங்க. அந்த நாட்டோட கிழக்குல இருக்குற கோனோ பக்கம் கிடைக்குற வைரம் நிறைய ஆத்து மண்ணுலயே இருக்குறது, பெரிய மெஷினே வேண்டாம், மண்வெட்டியும் சல்லடையும் தண்ணியும் போதும். தண்ணில நின்னுக்கிட்டு சரளைய வட்ட சல்லடைல போட்டு சுத்தி சுத்தி அலசுனா கனமான கல்லெல்லாம் நடுவுல வந்து சேரும், அதுக்குள்ள விரல விட்டு தேடணும், நாள் பூரா குனிஞ்சே இருக்கணும். துப்பாக்கி வச்சிருக்கவன் நாலு பேர மெரட்டி குழிக்குள்ள இறக்குனா காசு, அவ்வளவுதான். அந்தக் கல்லு பக்கத்து நாடான லைபீரியா வழியா வெளிய போச்சு, பதிலுக்கு ஆயுதம் உள்ள வந்துச்சு. இந்தக் கொடுமைக்கெல்லாம் துணை போனதுக்காக லைபீரியா அதிபரா இருந்த சார்லஸ் டெய்லருக்கு 2012ல 50 வருஷம் ஜெயில் தண்டனை குடுத்தாங்க.

எனக்கு வயித்தெரிச்சல் எங்கன்னா, படத்த பாத்துட்டு எழுந்திரிக்கும்போது எல்லாத்துக்கும் காரணம் வைரம்தான், சர்டிபிகேட் இருக்குற வைரமா பாத்து வாங்குனா போதும்னு ஒரு நெனப்போட எழுந்திரிக்கிறோம். சியரா லியோன்காரங்க சொல்றது அது இல்ல. போர் முடிஞ்சப்பறம் அவங்களே உண்மை, நல்லிணக்க ஆணையம்னு ஒண்ணு வச்சு ஆயிரக்கணக்கான பேர்கிட்ட வாக்குமூலம் வாங்கி 2004ல அறிக்கை குடுத்தாங்க. வைரம் போர வளத்துச்சு, ஆனா போருக்கு மூல காரணம் அது இல்ல, பல வருஷமா நடந்த ஊழலும் கேவலமான ஆட்சியும்தான்னு அதுல இருக்கு. சியாக்கா ஸ்டீவன்ஸ் 1968ல இருந்து 1985 வரைக்கும் ஆண்டாரு, 1978ல ஒரே கட்சிதான்னு சட்டமே ஆக்கிட்டாரு, ரயில கூட மூடிட்டாங்க, உள்நாட்டு ஊர்கள்ல படிச்சுட்டு வேலை இல்லாம இருந்த பசங்கள ஏன்னு கேக்க ஆள் இல்ல. அந்த ஆத்திரத்த கிளர்ச்சிப்படைத் தலைவன் ஃபோடே சாங்கோ பயன்படுத்திக்கிட்டான். படத்துல இந்தப் பின்கதை எங்க இருக்கு? கிளர்ச்சிக்காரங்க எங்கிருந்தோ மொளச்சு வந்த மிருகங்க மாதிரிதான வர்றாங்க?

இன்னொரு கொடுமை, 1999 ஜூலைல சமாதானம்னு சொல்லி லோமே ஒப்பந்தத்துல அதே சாங்கோவுக்கு துணை அதிபர் அந்தஸ்தும் குடுத்து, கனிம வளத்த பாத்துக்குற கமிஷனுக்கு தலைவராவும் ஆக்குனாங்க, கைய வெட்டுனவன்கிட்டயே சுரங்கத்த தூக்கிக் குடுத்தாங்க! அடுத்த வருஷமே அவன் ஆளுங்க நூத்துக்கணக்கான ஐ.நா. அமைதிப்படை வீரர்கள பிடிச்சு வச்சாங்க, கைலாஹுன்னு ஒரு ஊர்ல இருநூறு பேருக்கு மேல நம்ம இந்திய ராணுவத்துக்காரங்களும் சுத்தி வளைக்கப்பட்டு ரெண்டு மாசத்துக்கு மேல மாட்டிக்கிட்டு இருந்தாங்க, 2000 ஜூலைல 'ஆபரேஷன் குக்ரி' நடத்தித்தான் மீட்டாங்க.

சர்டிபிகேட் விஷயத்துக்கு வர்றேன். ரத்த வைரம் இல்லன்னு சர்டிபிகேட் குடுக்குற கிம்பர்லி முறை 2003ல அமலுக்கு வந்துச்சு, அது வந்தது நல்லதுதான். ஆனா அரசாங்கத்த எதுத்து சண்டை போடுற குழுவுக்கு காசு போனாத்தான் அது ரத்த வைரம்னு கணக்கு, அரசாங்கமே கொன்னா அந்தக் கணக்குல வராது. 2008ல ஜிம்பாப்வே மராங்கேல ராணுவமே வைரம் தோண்டுன ஜனங்கள சுட்டுக் கொன்னுச்சு. ரத்த வைரத்த வெளிய கொண்டு வந்ததுல முக்கியமான 'குளோபல் விட்னஸ்' அமைப்பே 2011ல இந்த முறைல இருந்து வெளிய வந்துடுச்சு. உலகத்துல பட்டை தீட்டுற வைரத்துல பெரும்பங்கு சூரத்துலதான் தீட்டுறாங்க, அதனால இது எங்கயோ ஆப்பிரிக்கா சமாச்சாரம்னு நாம ஒதுங்கிக்க முடியாது.

என்னோட கண்ணு கலங்குனது டிகாப்ரியோ நடிச்ச ஆர்ச்சர் மலை மேல சாகுறப்ப இல்ல. கிளர்ச்சிப்படை தூக்கிட்டுப் போன சாலமனோட மகன் தியா, அப்பாவ பாத்தே துப்பாக்கிய நீட்டுறானே, சாலமன் கத்தல, நீ யாரு, உங்க அம்மா என்ன சமைச்சு வச்சு காத்துட்டு இருக்கான்னு ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே நிக்கிறாரே, அங்கதான். போர் முடிஞ்சப்ப கிட்டத்தட்ட 7,000 பசங்க இப்படி ஆயுதத்த கீழ வச்சுட்டு வந்தாங்க, சில பேர் நெஞ்சுல இயக்கத்து பேர கீறி விட்டிருந்தாங்க, திரும்பி எந்த ஊருக்கு போறது, யாரு சேத்துப்பாங்க?

சின்ன பிள்ளைங்கள பக்கத்துல வச்சுக்கிட்டு பாக்காதீங்க, முதல் பத்து நிமிஷமே தாங்காது. படம் பாத்துட்டு மனசு கேக்கலன்னா அந்த ஆணைய அறிக்கைய தேடுங்க, நெட்ல ஃப்ரீயாவே இருக்கு. அதுல சிறுவர்களுக்குன்னே தனியா ஒரு பதிப்பு போட்டிருக்காங்க, அந்த நாட்டு பசங்களும் சேந்து தயாரிச்சது, எளிமையா இருக்கும், அதுல இருந்து ஆரம்பிங்க.