பாலக்கோட்டிலிருந்து ஆன்லைன் பாட்டு வகுப்பு: வருமானம் நிலைக்க

வணக்கம் சகோதரி. 9 பேருக்குச் சொல்லித் தந்தும் வருமானம் மாதத்துக்கு மாதம் ஆடுகிறது, ஜூமில் தம்பூரா விட்டுவிட்டுக் கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் தம்பூரா, ஏனென்றால் இதனாலேயே பிள்ளைகள் நின்றுபோகலாம். ஒரே சீராக ஒலிக்கும் சுருதியை ஃபேன் இரைச்சல் மாதிரி எடுத்துக்கொண்டு ஜூம் வெட்டிவிடும். ஆடியோ செட்டிங்கில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' போடுங்கள். வகுப்பு தொடங்கும்போது அது ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு பக்கமும் இயர்போன் இல்லையென்றால் எதிரொலிக்கும். பிள்ளை பாடும்போது சுருதி அவர்கள் வீட்டிலேயே ஓடட்டும். குரல் தாமதமாகப் போவதால் சேர்ந்து பாடினால் தாளம் பிசகும். ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) பாடி நிறுத்துங்கள், பிள்ளை திருப்பிப் பாடட்டும்.

வகுப்புக் கணக்கில் பணம் வாங்குவதை விடுங்கள். மாதம் 8 வகுப்பு, 5ஆம் தேதிக்குள் முன்பணம், விடுபட்டால் ஒரே ஒரு மாற்று வகுப்பு. சேரும்போதே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள், பிறகு சொன்னால் மனக்கசப்புதான்.

சிங்கப்பூர்ப் பிள்ளைகள் இருந்தால், அங்கே மாலை 7 என்றால் நமக்கு 4.30. ஓசூர், பெங்களூர்ப் பிள்ளைகளை 6.30க்கு மேல் வையுங்கள், மோதாது. கரண்ட் போனாலும் வகுப்பு நிற்காமலிருக்க ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள்.