கொள்ளுத்தாத்தாவின் ஊரை டிஎன்ஏ சொல்லுமா?

மலேசியாவின் பேராக்கிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் கொள்ளுத்தாத்தா 1920களில், தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணியோடு ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். 'வடார்க்காடு ஜில்லா' என்பதைத் தவிர எதுவும் தெரியாது. டிஎன்ஏ பரிசோதனை மூலம் ஊரையும் சொந்தக்காரர்களையும் கண்டுபிடித்துத் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். எச்சிலைக் குப்பியில் பிடித்து அனுப்பினால் வருகிற முடிவில் கிராமத்தின் பெயர் இருக்காது. தென்னிந்தியா என்று வரைபடத்தில் ஒரு வண்ணம் இருக்கும். அது உங்களுக்கே தெரிந்த செய்தி. பரிசோதனையின் உண்மையான பயன் வேறு. அதே நிறுவனத்தில் பரிசோதித்துக்கொண்டவர்களில் யார் யார் உங்களுக்கு இரத்த உறவு என்று அது காட்டும். ஊரிலேயே தங்கிவிட்ட கொள்ளுத்தாத்தாவின் தம்பியின் பேரப்பிள்ளைகள் பரிசோதனை செய்திருந்தால்தான் பட்டியலில் வருவார்கள். கிராமத்தில் யார் காசு கொடுத்து இதைச் செய்கிறார்கள்? பெரும்பாலும் உங்களைப் போலக் கடல் கடந்தவர்களின் வாரிசுகள்தான் வருவார்கள்.

அந்த முகவர் என்ன செய்வார் என்று சொல்கிறேன். 'விவரத்துக்காக' உங்கள் குலதெய்வம், கொள்ளுத்தாத்தாவின் பெயர், பட்டப்பெயர் எல்லாவற்றையும் முதலிலேயே வாங்கிக்கொள்வார். சில மாதம் கழித்து ஏதோ ஓர் ஊருக்குக் கூட்டிப்போவார். அங்கே திண்ணையில் ஒரு பெரியவர் அதே பெயர்களைச் சொல்லி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். அப்புறம் கோயில் திருப்பணிக்குப் பணம் கேட்பார்கள். இப்படி ஏமாந்த குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். பணம் போனதுகூட அவர்களுக்குப் பெரிதில்லை, அந்தப் பெரியவர் சொந்தமே இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. யாரிடம் உதவி கேட்டாலும் சரி, ஒரு விவரத்தை மட்டும் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளுத்தாத்தாவின் அக்கா பெயரோ, குலதெய்வமோ, ஏதாவது ஒன்று. உண்மையான பங்காளி அதைத் தானாகச் சொல்வார்.

பரிசோதனை செய்துதான் பார்ப்பேன் என்றால், உங்களுக்குச் செய்யாதீர்கள். தாத்தாவின் தங்கை யாராவது உயிரோடு இருந்தால் அவருக்குச் செய்யுங்கள். உங்கள் டிஎன்ஏவில் கொள்ளுத்தாத்தாவிடமிருந்து வந்தது சுமார் 12.5 சதவீதம். அவருடைய சொந்த மகளிடம் இருப்பது 50 சதவீதம். இன்னொன்று, 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ பரிசோதனை நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன, 2025 மார்ச்சில் அது திவால் மனுவும் கொடுத்தது. இதையும் யோசித்துவிட்டுக் குப்பியை அனுப்புங்கள்.

முடிவு வந்ததும் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். நம்மவர்களில் பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். இந்த நிறுவனங்களின் உறவுக் கணக்கு, சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யாதவர்களை மனதில் வைத்துப் போட்டது. நம்மிடம் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டியிருக்கிறோம். ஒருவர் அக்கா மகளைக் கட்டினால், பிறக்கும் குழந்தைக்கு அப்பாவைப் பெற்றவர்களே அம்மாவின் தாத்தா பாட்டியும் ஆகிறார்கள். ஒரே முன்னோரின் டிஎன்ஏ இரண்டு வழியாக வந்து சேர்கிறது. அதனால் நான்கைந்து தலைமுறை தள்ளிய ஒருவரையும் 'நெருங்கிய உறவு' என்று பட்டியல் காட்டிவிடும். ஒரே சாதிக்குள் பல காலம் மணந்த இரண்டு குடும்பங்களுக்கும் இதே கதைதான். ஆகவே பொருந்தும் டிஎன்ஏவின் மொத்த அளவை மட்டும் பார்த்து மகிழாதீர்கள். பொடிப்பொடியாகப் பல துண்டுகள் பொருந்தினால் அது பழைய சொந்தமாக இருக்கலாம். நீளமான துண்டுகள் பொருந்துகிறவருக்கே முதலில் எழுதுங்கள்.

ஊர்ப்பெயர் காகிதத்திலும் கிழவிகளின் வாயிலும்தான் கிடைக்கும். மொரீஷியஸுக்கும் தென்னாப்பிரிக்காவின் நடாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு ஊர், தந்தை பெயர் எழுதிய பதிவேடுகள் இருக்கின்றன. கங்காணி வழியில் வந்தவர்களுக்கு அப்படி ஒன்றை நம்பி இறங்க முடியாது. ஆனால் கங்காணி தன் சொந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும்தான் ஆள் சேர்த்தார். எனவே அந்தத் தோட்டத்தில் பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவர்களின் பிள்ளைகளைத் தேடுங்கள். அவர்கள் ஊர் தெரிந்தால் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள்.

தமிழ்நாட்டுக்கு வந்து அலுவலகம் அலுவலகமாக அலைவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வடார்க்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது, 2019இல் வேலூர் மறுபடி மூன்றானது. இன்று அந்த நிலம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டம். ஒவ்வொன்றும் அடுத்ததைக் கைகாட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமென்றால் அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். லட்சக்கணக்கானவர்களைக் கப்பலேற்றி அனுப்பிய மண்ணில், திரும்பி வருகிற பேத்தி எந்த வாசலில் நிற்பது என்று சொல்ல ஆளில்லை. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. பட்டா, சிட்டா தேடித் தருகிறேன் என்பவரையும் நம்பாதீர்கள். தோட்டத்துக்கு வந்தவர்களில் நிலமில்லாதவர்களே அதிகம்.

தாத்தாவின் தங்கை இருந்தால் இந்த வாரமே அந்தப் பாட்டியிடம் போங்கள். கங்காணியின் பெயர் என்ன, ஊரிலிருந்து கடைசியாகக் கடிதம் எழுதியது யார், பணம் அனுப்பிய ரசீது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேளுங்கள். ரசீதில் ஒரு தபால் நிலையத்தின் பெயர் இருந்தால் போதும், தேட வேண்டிய இடம் சில கிராமங்களாகச் சுருங்கிவிடும்.