டி-72 மாடலில் துரு எவ்வளவு போடலாம்? எங்கப்பாவைக் கேட்டால் போடவே கூடாது என்பார்

கேள்வி இது: "முதல் முறையாக 1/35 அளவில் ஒரு டி-72 டாங்கியின் பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கியிருக்கிறேன். வீடியோக்களில் வருவதுபோல் துரு, சேறு, பெயின்ட் உரிந்த இடம் எல்லாம் போட்டு நிஜம் மாதிரி ஆக்குவது எப்படி? பெயின்ட் தப்பாகிவிட்டால் அழித்துவிட்டு மறுபடி அடிக்க முடியுமா?"

கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அழிக்கிறேன் பேர்வழி என்று ஒரு டரட்டையே (டாங்கியில் பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்பகுதி) உருக்கியவன் நான். அதனால்தான் வேலை கிடக்க இங்கே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் என்னை மாதிரி முப்பது தாண்டியவராக இருப்பீர்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் சாப்பாட்டு மேசையில் நியூஸ் பேப்பர் விரித்து உட்காருவீர்கள், வீட்டில் "குழந்தைக்கு வாங்கினதா?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். இல்லை என்றால் மன்னிக்கவும். ஆமாம் என்றால், முதல் வாரம் பெயின்ட் பாட்டிலையே திறக்காதீர்கள். நாற்பது வீடியோ பார்த்துவிட்டு நான் நேராகத் துருவுக்குத்தான் போனேன். எல்லாச் சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது.

என் கதையைச் சொல்கிறேன். நான் ஆவடியில் பிறந்து வளர்ந்தவன். அப்பா கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இந்தியா சோவியத் யூனியனிடம் வாங்கி, பிறகு எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து ஆவடியிலேயே தயாரித்த டி-72எம்1 வகைதான் 'அஜேயா'. அப்பா கை பட்ட வண்டி அதுதான். (ராணுவ ரகசியம், தேசப் பாதுகாப்பு என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அவர் ஃபேக்டரி விஷயம் எதையும் வீட்டில் பேசியதே இல்லை. நான் இங்கே எழுதுவது எல்லாம் குடியரசு தின அணிவகுப்பை டி.வி.யில் பார்த்தாலே தெரிகிற சமாச்சாரம்.) அதனால் கிட் வாங்குவது என்று முடிவானபோது வேறு டாங்கி மனதில் வரவில்லை. ஜெர்மன் டைகர் வாங்கு, அதுதான் கெத்து என்று நண்பன் சொன்னான். முதல் கிட்டிலேயே ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கும் அத்தனை சக்கரங்களைச் சீவி, தேய்த்து, ரப்பர் விளிம்புக்குத் தனியாகப் பெயின்ட் அடித்தால் பாதியிலேயே பரணில் ஏறிவிடும். டி-72க்குப் பக்கத்துக்கு ஆறுதான். அதுவும் இரட்டைச் சக்கரம், ஆக மொத்தம் இருபத்து நான்கு வட்டம். அதற்கே எனக்கு மூன்று ராத்திரி ஆனது. ஒரு அட்டையில் சரியான அளவில் ஓட்டை போட்டு, சக்கரத்தின் மேல் வைத்து உள்வட்டத்துக்கு மட்டும் பச்சை அடித்தால் விளிம்பு தப்பிக்கும் என்பது இருபதாவது சக்கரத்தில்தான் உறைத்தது. ரப்பருக்குத் தார்க் கறுப்பு வேண்டாம், கரும் சாம்பல் போதும்.

ஒட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் ஃபிரேமிலிருந்து பாகத்தை வெட்டும்போது ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டு வெட்டி, மீதியைப் பிளேடால் இரண்டு முறையாகச் சீவுங்கள். லிக்விட் சிமென்ட்டை (பிளாஸ்டிக் ஒட்டும் பசைதான்) இணைப்பின் ஓரத்தில் பிரஷ்ஷால் தொட்டால் போதும், இடுக்குக்குள் அதுவே இழுத்துக்கொண்டு ஓடும். அந்த இடத்தில் விரல் பட்டுவிட்டால் ரேகை பதிந்துவிடும், பத்திரப்பதிவு ஆபீசில் வைத்த மாதிரி.

இப்போது டரட். ஒரு நவம்பர் மாதம், வெளியே விடாத மழை. சென்னைக் காற்றில் அந்த மாதத்தில் இருக்கிற ஈரத்துக்கு ஸ்பிரே அடித்தால் என்ன ஆகும் என்று எந்த வெள்ளைக்கார வீடியோவிலும் சொல்லவில்லை. பச்சை காய்ந்ததும் மேலே பால் ஊற்றின மாதிரி வெண்மை படர்ந்துவிட்டது. சரி, அழித்துவிட்டு மறுபடி அடிக்கலாம் என்று தெருமுனை ஹார்ட்வேர் கடையில் "தின்னர் கொடுங்க" என்றேன். கடைக்காரர் என்ன தின்னர் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் கொடுத்தது என்.சி. தின்னர், அதாவது மரச்சாமானுக்கு லேக்கர் அடிப்பவர்கள் வாங்குவது. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, டரட்டைக் கவிழ்த்து முக்கினேன்.

பெயின்ட் போனது. கூடவே பிளாஸ்டிக்கும் போனது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, எடுத்துப் பார்த்தால் மேல்பக்கம் பாகு பதத்தில் இருக்கிறது, என் கட்டைவிரல் அதில் பதிந்து நிற்கிறது, பக்கவாட்டில் ஒட்டியிருந்த புகைக்குண்டுக் குழாய்களில் இரண்டு டம்ளருக்கு அடியில் ஜவ்வரிசி மாதிரி கிடக்கின்றன. கிட் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். என்.சி. தின்னரில் இருக்கிற டொலுவீன், அசிட்டோன் வகையறாவில் அது கரைந்துவிடும். அக்ரிலிக் பெயின்ட்டை அழிக்க ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும், பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. ஆக உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: முடியும். ஆனால் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள், எதுவும் எழுதியிருக்காவிட்டால் வாங்காதீர்கள், வாங்கியே ஆகவேண்டும் என்றால் முதலில் வேண்டாத ஃபிரேம் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், வேண்டாம் என்றால் தாண்டிப் போங்கள். வீட்டுக்குள் ஸ்பிரே அடித்தால் மனைவிக்கும் குழந்தைக்கும் மூக்கெரிச்சல் என்று மொட்டை மாடிக்குப் போனால், எங்கள் அப்பார்ட்மென்ட்டில் மாடிச் சாவி அசோசியேஷன் கையில். பெயின்ட் அடிப்பது 'வணிக நடவடிக்கை'யாம், அனுமதி இல்லையாம். அதே மாடியில் ஒருவர் வீட்டு வடாம் ஏப்ரல் மாதம் முழுக்கக் காய்கிறது, விலைக்கும் போகிறது, அது வணிகம் இல்லை. வடாம் நன்றாகத்தான் இருக்கிறது, நானே வாங்கியிருக்கிறேன், அது வேறு விஷயம். இன்னொன்று, இந்தக் கிட்டைக் கஸ்டம்ஸ் பொம்மைக் கணக்கில்தான் சேர்க்கிறது. பொம்மை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. கத்தி, கரைப்பான், நூற்றுக்கணக்கான பொடிப் பாகம், இது எந்தக் குழந்தைக்கான பொம்மை? அவ்வளவும் கட்டி வரவழைத்தால் பார்சலை யாரோ பிரித்துப் பார்த்துவிட்டுத் திணித்திருந்ததில் பீரங்கிக் குழாய் நடுவில் உடைந்து வந்தது. சரி, விடுங்கள்.

டரட்டுக்கு வருகிறேன். இரண்டு நாள் அதைக் குப்பையில் போடவும் மனசில்லாமல் ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தேன். கெட்டியாகிவிட்டது, ஆனால் மேல்பரப்பு மேடும் பள்ளமுமாக, சொரசொரவென்று. ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு (கிட்டப் பார்க்க அவருக்குக் கண்ணாடி வேண்டாம்) டரட்டை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார்.

"இது பரவாயில்லையே. காஸ்டிங் இப்படித்தான் இருக்கும். முன்னாடி நீ போட்டோ அனுப்பினப்போ எவர்சில்வர் தூக்கு மாதிரி வழவழன்னு இருந்துச்சு."

நிஜ டி-72-ன் டரட் வார்ப்பு எஃகு. மணல் அச்சில் ஊற்றி எடுப்பது, அதன் தோல் வழவழப்பாக இருக்காது. ஹல் (கீழுடல்) மட்டும்தான் தகடுகளை வெட்டிப் பற்றவைத்தது, அது சமமாக இருக்கும், ஓரங்களில் வெல்டிங் தழும்பு தெரியும். பிறகு தேடிப் பார்த்தால், அனுபவசாலிகள் டரட் மேல் புட்டியைத் தண்ணியாகக் கரைத்துப் பூசி, காய்வதற்குள் முரட்டு பிரஷ்ஷால் குத்திக் குத்தி இதே சொரசொரப்பை வரவழைக்கிறார்கள். நான் டம்ளரில் முக்கி வரவழைத்தேன். என் கட்டைவிரல் ரேகையைப் புட்டி போட்டு மூடினேன், இரண்டு புகைக்குண்டுக் குழாயை ஃபிரேம் குச்சியில் செய்துகொண்டேன், மீதியை அப்படியே வைத்துக்கொண்டேன். நீங்கள் இப்படிச் செய்யாதீர்கள். ஒரு நிமிடம் கூடியிருந்தால் மொத்தமும் ரசம்தான்.

அடுத்த மாதம் முழுசாக முடித்து, பெருமையாக அப்பா முன்னால் வைத்தேன். வீடியோவில் பார்த்த வித்தை அத்தனையும் அதில் இருந்தது. ஒவ்வொரு போல்ட்டுக்குக் கீழேயும் ஆரஞ்சுத் துரு ஒழுகல், எல்லா ஓரத்திலும் ஸ்பாஞ்சால் ஒற்றிய பெயின்ட் உரிசல். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது என்ன, போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற கேஸ் வண்டியா?"

அவர் கேட்டது நியாயம்தான். ஓடுகிற டாங்கியில் பெயின்ட் அடித்த கவசத் தகடு போல்ட்டுக்குப் போல்ட்டு துருவை ஒழுகவிட்டுக்கொண்டு நிற்காது. அதற்கென்று ஆள் இருக்கிறது, அவ்வப்போது சுரண்டி டச்சப் செய்கிறார்கள். அப்பா ஒருமுறை பழுதுபார்க்கும் டீமோடு ராஜஸ்தான் போய்வந்தவர். அங்கே வண்டி எப்படி இருந்தது என்று கேட்டேன். "எல்லாம் மண்ணுதான். டீசல் சிந்தின இடத்துல மண்ணு ஒட்டிக்கிட்டு கறுப்பா இருக்கும். மத்த இடம் வெளுத்திருக்கும்." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது நாற்பது வீடியோவுக்குச் சமம்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், துருவைக் குறைத்து அழுக்கை அதற்குரிய இடத்தில் போடுங்கள். டி-72-ல் புகைபோக்கி இடது பக்கம், அதனால் இடது ஃபெண்டர் பின்பாதியில் மட்டும் கரி. பின்னால் தொங்கும் இரண்டு டீசல் பீப்பாய்களிலும் எரிபொருள் மூடிகளைச் சுற்றியும் பளபளப்பான கறுப்பு ஒழுகல். டிரைவர் ஏறும் வழியில், முன்தகட்டின் நடுவில், பூட்ஸ் பட்டுத் தேய்ந்த தடம். ட்ராக்கில் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) தரையைத் தொடும் மேடுகளில் பென்சில் கிராஃபைட்டைத் தேய்த்து மினுக்குங்கள், பள்ளங்களில் மண். சேறு அப்பும்போது ஒரு கணக்கை மட்டும் நினைவில் வையுங்கள்: 1/35-ல் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் மூன்றரை செ.மீ. பெயின்ட் உரிசல் என்று நீங்கள் வைக்கிற பெரிய புள்ளி, நிஜ வண்டியில் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு தெரிவது மாதிரி.

இந்த 35 என்ற எண்ணே ஒரு தமாஷ். அறுபதுகளில் ஜப்பானின் டாமியா கம்பெனி முதல் பாந்தர் டாங்கி கிட்டைச் செய்தபோது உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்கவேண்டும் என்று ஒரு அளவு வைத்தார்கள், கணக்குப் போட்டால் ஏறக்குறைய 35-ல் ஒரு பங்கு வந்தது. அது இன்றைக்கு உலகம் முழுக்க டாங்கி மாடல் அளவு ஆகிவிட்டது. ஒருநாள் தூக்கம் வராமல் எடையையும் கணக்குப் போட்டேன். நிஜ டி-72 சுமார் 41 டன், நீளம், அகலம், உயரம் மூன்றையும் 35 மடங்கு சுருக்கினால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கையில் இருக்கும் பிளாஸ்டிக்கோ கால் கிலோ தேறினால் அதிகம். அந்தக் கனம் இல்லாததுதான் மாடலைப் பொம்மையாகக் காட்டுகிறது. ரப்பர் ட்ராக் வந்திருந்தால் கொடிக்கயிறு மாதிரி விறைப்பாக நிற்கும். மேலே இருக்கும் மூன்று உருளைகளுக்கு நடுவில் பஞ்சை அடைத்து அமுக்கி, சூப்பர் குளூ வைத்துக் கொஞ்சம் தொய்யவிடுங்கள். துருவுக்குச் செலவழிக்கிற நேரத்தில் பாதி போதும் இதற்கு, வண்டிக்கு உடனே கனம் வந்துவிடும்.

(போட்டிக்கு அனுப்புகிறவர்கள் கோபப்பட வேண்டாம். அங்கே துருவுக்கும் மதிப்பெண் உண்டு, அது ஒரு கலை, நான் மறுக்கவில்லை. கைவிடப்பட்டு வயலில் கிடக்கும் டாங்கியைச் செய்கிறீர்கள் என்றால் துருவிலேயே குளிப்பாட்டுங்கள்.)

பின்பக்கம் ஒரு மரக்கட்டை கட்டியிருக்கும். சேற்றில் மாட்டினால் ட்ராக்கோடு சேர்த்துக் கட்டி, அது உருண்டு அடியில் போகும்போது பிடிப்புக் கிடைத்து வண்டி வெளியே வருவதற்கு. கிட்டில் அது பிளாஸ்டிக், என்ன அடித்தாலும் மரமாகத் தெரியவில்லை. அப்பாவே கீழே போய் மாமரத்திலிருந்து விரல் பருமனில் ஒரு குச்சி ஒடித்து வந்து, அளந்து, அரிவாள்மனையில் நறுக்கிக் கொடுத்தார். பட்டையோடு அப்படியே கட்டினேன். மொத்த மாடலில் அதுதான் நிஜம் மாதிரி இருந்தது, நிஜம் என்பதால்.

மூன்று மாதம் கழித்து டி.வி. ஸ்டாண்டில் டாங்கிக்குப் பின்னால் மாவு மாதிரி கொட்டிக் கிடந்தது. நான் தூவிய மண் பவுடர் உதிர்கிறது என்று நினைத்து இரண்டு முறை மேட் வார்னிஷ் அடித்தேன், அப்புறமும் கொட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் கட்டையில் ஊசி முனை அளவுக்கு நாலு ஓட்டை. அப்பாவுக்குப் போன் போட்டேன். "மாங்குச்சில பூச்சி விழும்டா, வேப்பங்குச்சி எடுத்திருக்கணும்" என்றார், மாமரத்தில் ஒடித்தது ஏதோ நான் என்பதுபோல.